கொதிக்கக் கூடாத கஷாயம்: க்ளூவைன் செய்து பழகிய டிசம்பர்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இது எனக்கு ஆறாவது குளிர்காலம். முதல் ஐந்திலும் க்ளூவைனை, அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினை, கிறிஸ்துமஸ் சந்தையில் நின்று வாங்கிக் குடித்ததோடு சரி. இந்த ஊர்ச் சந்தையைப் பற்றி 1692லேயே எழுத்துக் குறிப்பு இருக்கிறது. நவம்பர் கடைசியில் ஷில்லர்பிளாட்ஸிலும் மார்க்ட்பிளாட்ஸிலும் மரக்கடைகள் எழும். கூரைகளின் மேல் ஊசியிலைக் கிளைகளும் பொம்மைகளும் வைத்து ஒவ்வொரு கடையும் போட்டி போட்டு அலங்கரிக்கும். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற நாட்கள் அவை. கையுறையைக் கழற்றிவிட்டு, ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால் விரல்களுக்கு உயிர் திரும்புவது தெரியும். பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் ஊறிய சிவப்பு ஒயின். கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், கொடுக்காவிட்டால் கோப்பை நமக்கு. என் அலமாரியில் அப்படி ஐந்து கோப்பைகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்றாக.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். நான்காம் அட்வெண்ட் ஞாயிறு அன்று, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, எல்லோரும் பின்முற்றத்தில் கூடுவோம். மூன்றாம் மாடியில் இருக்கும் வயதான அம்மா ஒருவர்தான் எப்போதும் க்ளூவைன் காய்ச்சுவார். இந்த வருடம் அவருக்கு மணிக்கட்டில் கட்டு. படியில் பார்த்தபோது, "இந்த முறை நீங்கள் செய்யுங்கள். மசாலா உங்களுக்குத் தெரியாததா?" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். மசாலா தெரியும்தான். ஆனால் எனக்குத் தெரிந்த முறைக்கும் இந்தப் பானத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது முதல் பாட்டிலைக் காய்ச்சிய பிறகுதான் விளங்கியது.

முதல் முயற்சி டிசம்பர் முதல் சனிக்கிழமை. நல்ல பொருள் போட்டால் நல்லதாக வரும் என்று நினைத்து, ஓக் பீப்பாயில் வைத்து எடுத்த 9 யூரோ ஒயினை வாங்கினேன். எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, 12 கிராம்பு, இரண்டு தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு கை சர்க்கரை போட்டேன். கஷாயம் வைக்கிற கைப்பழக்கம் அப்படியே வந்தது: தளதளவென்று கொதிக்கவிட்டு, கொஞ்சம் சுண்டும்வரை 20 நிமிடம். சமையலறை மட்டுமல்ல, மாடிப்படி வரைக்கும் மணந்தது. அப்போது அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த மணம்தான் தவறுக்கு அடையாளம். கோப்பைக்குள் இருந்திருக்க வேண்டியதெல்லாம் படியில் போய்க்கொண்டிருந்தது.

வாயில் வைத்தால், பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கும் கிராம்புத் தைலம். நாக்கு நுனி மரத்துப்போனது. அதற்குப் பின்னால் பாக்கு மென்றது போல ஒரு துவர்ப்பு. அடியில் பட்டைத் தூள் சேறு மாதிரிப் படிந்திருந்தது. துணியில் வடிகட்டியும் கலங்கல் போகவில்லை. ஊற்றிவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து என்னென்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தேன். ஒயினில் இருக்கும் மதுசாரம் தனியாக இருந்தால் 78 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரோடு கலந்து இருப்பதால் ஒயின் கொதிப்பது 90 டிகிரிக்கு மேல்தான். அந்த நிலைக்குப் போய்விட்டால் மதுசாரமும் பழ வாசனையும் ஆவியோடு வேகமாக வெளியேறும். திராட்சையின் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் பாத்திரத்தில் தங்கும். சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து அதிக நேரம் சூடானால் காய்ச்சிய பாகு போன்ற, கருகலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுவை வரும். கிராம்பின் யூஜினால் எண்ணெய்க்கு மரக்கவைக்கும் குணம் உண்டு. நம் குழம்பில் தேங்காய், வெங்காயம், புளி என்று அதை அடக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒயினில் யாரும் இல்லை.

கஷாயத்தில் மருந்தை வெளியே கொண்டுவருவது கொதி. தண்ணீர் போனால் போகட்டும், சாரம் நிற்கும் என்பது அதன் கணக்கு. க்ளூவைனில் போகிற பொருள்தான் முக்கியமானது. அதனால் இதில் சூட்டின் வேலை ஊறவைப்பது மட்டும்தான். ஜெர்மன் மொழியில் பெயரே 'கனலும் ஒயின்' என்ற பொருளில்தான் இருக்கிறது. தணல் மாதிரி இருக்க வேண்டும், அடுப்பு மாதிரி அல்ல.

இரண்டாவது முயற்சிக்கு முன்னால் இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, ஊசிமுனை வெப்பமானி. இன்னொன்று பட்டை. பட்டைக்கு ஈழத்தமிழர் ஒருவர் நடத்தும் கடைக்குப் போனேன். வெங்காயம், முருங்கைக்காய், இடியாப்ப மா என்று எல்லாம் இருக்கும் சின்னக் கடை. தடித்த பட்டைப் பொதி ஒன்றை எடுத்து வைத்ததும் கடைக்காரர் பார்த்தார்.

"இவ்வளவு கறுவா என்னத்துக்குத் தம்பி?"

"ஒயினில் போட அண்ணா. க்ளூவைன்."

"அப்ப இது வேண்டாம். இது தடிச்ச பட்டை, கசக்கும். எங்கட கறுவாவைக் கொண்டு போங்கோ."

பின்னால் போய் வேறொரு பொதி கொண்டுவந்தார். தாள் போல மெல்லிய அடுக்குகள் பலவற்றைச் சுருட்டு மாதிரிச் சுற்றிய இலங்கைக் கறுவா. கையால் நொறுக்கலாம். நாம் பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா என்ற இன்னொரு மரத்தினுடையது. ஒரே தடித்த தோலாக வளைந்திருக்கும், காரம் கூடுதல், கூமரின் என்ற பொருளும் அதில் மிக அதிகம். குளிர்காலத்தில் பட்டை போட்ட பிஸ்கட்டுகளை இங்கே நிறையத் தின்பார்கள் என்பதால், 2006ல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இந்தக் கூமரின் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. ஒரு கோப்பை க்ளூவைனில் அது பெரிய விஷயம் ஆகாது. நான் மாற்றியது சுவைக்காக. இலங்கைக் கறுவா இனிப்பாக, பூவாசனையோடு இருக்கிறது. ஒயினை மிரட்டுவதில்லை.

ஒயினையும் மாற்றினேன். இந்த வேலைக்கு ஓக் வாசம் இல்லாத, துவர்ப்பு குறைந்த, பழச்சுவை தூக்கலான சிவப்பு ஒயின் வேண்டும். அது இந்த வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஸ்டுட்கார்ட் நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. முதன்மை ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள சரிவில்கூட ஒன்று உண்டு. டிரோலிங்கர் இங்கே அன்றாட ஒயின், நிறம் வெளிறி லேசாக இருக்கும். நான் எடுத்தது டோர்ன்ஃபெல்டர். இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் வைன்ஸ்பெர்க்கில் ஆகஸ்ட் ஹெரோல்ட் 1955ல் ஒட்டுக்கலந்து உருவாக்கிய திராட்சை அது. கருஞ்சிவப்பு நிறம், நாவல்பழச் சாயல், உறுத்தாத துவர்ப்பு. பாட்டில் 4 யூரோவுக்கும் குறைவு.

இந்த முறை வெப்பமானியைப் பாத்திரத்திலேயே நிறுத்தி 70ல் அடுப்பை அணைத்தேன். முள் 75, 80, 84 என்று ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டு அடுப்பு பழைய வார்ப்பிரும்புத் தட்டு வகை. அணைத்தாலும் தட்டுக்குள் தங்கிய சூடு பத்து நிமிடம் வேலை செய்கிறது. இப்படி அடுப்பு வைத்திருப்பவர்கள் 60ல் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரத்தையே நகர்த்திவிட வேண்டும். நான் நகர்த்தினேன். மணம் வீட்டை நிறைக்கவில்லை. மூடியைத் திறந்தபோதுதான் வந்தது. அப்போதே பாதி சரியாகிவிட்டது என்று தெரிந்தது.

மீதிப் பாதி கெட்டது ஆரஞ்சால். முழு ஆரஞ்சை வட்டம் வட்டமாக அரிந்து போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டிருந்தேன். படங்களில் அழகாகத் தெரிவது அதுதான். காலையில் சூடாக்கிக் குடித்தால் தொண்டையில் நிற்கும் கசப்பு. தோலுக்கும் சுளைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பஞ்சுதான் காரணம். நார்த்தங்காய் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு அந்தக் கசப்பு தெரிந்திருக்கும். அங்கே உப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். கசப்பைக் குறைக்கலாம் என்று ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி அம்மா சுவை பார்க்க வந்தார்.

"தண்ணீரா சேர்த்தீர்கள்?" கோபமில்லை, நிஜமாகவே அதிர்ந்துவிட்டார். ஐரோப்பியச் சட்டப்படி க்ளூவைன் என்ற பெயரில் விற்பதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பதை அவர்தான் சொன்னார். பிறகு நானும் விதியைத் தேடிப் படித்தேன்: சிவப்பு அல்லது வெள்ளை ஒயினிலிருந்துதான் செய்ய வேண்டும், முக்கிய மசாலா பட்டையோ கிராம்போ இரண்டுமோ, மதுசாரம் குறைந்தது 7 சதவீதம். இனிப்பைக் கரைக்கத் தேவையான நீருக்கு மட்டும் விலக்கு. வீட்டில் யாரும் அளக்கப்போவதில்லைதான். ஆனாலும் விதியில் நியாயம் இருக்கிறது. நீர் ஊற்றினால் ஒயினின் உடம்பு போய்விடுகிறது, மசாலாத் தண்ணீர் மிஞ்சுகிறது.

சர்க்கரை பற்றியும் அவர் ஒரு கதை சொன்னார். 1956ல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் குன்ஸ்ட்மான் என்ற ஒயின் வணிகர் முதல்முதலாக க்ளூவைனைப் பாட்டிலில் அடைத்து விற்றாராம். ஒயினில் சர்க்கரை கலந்தது அன்றைய ஒயின் சட்டத்துக்கு விரோதம் என்று அபராதம் போட்டார்களாம். இன்று கடைகளில் மலை மலையாக அடுக்கியிருக்கும் பாட்டில்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது முயற்சியில்தான் கை பழகியது. இதை விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு 750 மில்லி பாட்டிலுக்கு 60 கிராம் சர்க்கரை. நான் பழுப்புக் கற்கண்டு போட்டேன். இங்கே தேநீருக்கென்றே பெட்டி பெட்டியாக விற்கிறார்கள், சர்க்கரையைவிட மெதுவாகக் கரைந்து ஒரு ஆழம் கொடுக்கிறது. இலங்கைக் கறுவா ஒரு சுருள், கிராம்பு நான்கு, அன்னாசிப்பூ ஒன்று, லேசாகத் தட்டிய ஏலக்காய் இரண்டு. எல்லாம் முழுசாகவே இருக்க வேண்டும், தூள் கூடாது. ஒரு ஆரஞ்சை வெந்நீரில் கழுவித் துடைத்து, உருளைக்கிழங்கு சீவும் கத்தியால் மேல்தோலை மட்டும் பட்டையாகச் சீவினேன். தோலின் உட்பக்கம் ஆரஞ்சு நிறமாகவே தெரிய வேண்டும், வெள்ளை தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். தோலில் மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசாத பழமாகப் பார்த்து வாங்குவது அவசியம். பழத்தைப் பிழிந்து சாறு எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் முக்கியமான மாற்றம். ஒயினை ஓரமாக வைத்துவிட்டு, ஆரஞ்சுச் சாறு, கற்கண்டு, மசாலா, தோல் இவற்றோடு அரைக் கோப்பை ஒயின் மட்டும் சேர்த்து மெல்லிய பாகாகக் காய்ச்சினேன். இதைக் கொதிக்கவிடலாம். ஐந்து நிமிடம் போதும். கஷாயம் வைக்கும் கைக்கு இங்கே கொஞ்சம் இடம் கிடைக்கிறது. மசாலா தன் எண்ணெயை இந்தப் பாகில் இறக்கிவிடும். பிறகு மீதி ஒயினை ஊற்றி, 72 டிகிரி வந்ததும் நகர்த்தி, மூடி போட்டு 40 நிமிடம். அவ்வளவுதான். அதற்கு மேல் கிராம்பு ஊறக் கூடாது, வடிகட்டிவிட வேண்டும்.

முதல் வாய் குடித்ததும் நிம்மதியாக இருந்தது. முதலில் திராட்சை, பிறகு ஆரஞ்சு, கடைசியில் கறுவா, விழுங்கிய பிறகு ஏலக்காய். ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்து வந்தது.

ஏலக்காயைப் பற்றித்தான் தயக்கம். சந்தைக் க்ளூவைனில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஏலக்காயும் இஞ்சியும் போட்டு, கோப்பைக்குள் தோலுரித்த பாதாமும் உலர்திராட்சையும் இட்டுக் குடிப்பது ஸ்வீடன்காரர்களின் க்ளோக். "இது வடக்கே போகிறதே" என்றார் மூன்றாம் மாடி அம்மா. ஆனால் சாக்சனியில் வாக்கர்பார்த் என்ற பிரபு 1834 டிசம்பரில் எழுதி வைத்த பழைய க்ளூவைன் குறிப்பில் பட்டை, இஞ்சி, குங்குமப்பூவோடு ஏலக்காயும் இருக்கிறது. அதைக் காட்டியதும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தத் தைரியத்தில் ஐந்து மிளகையும் முழுதாகப் போட்டுப் பார்த்தேன். ரோமானியர்கள் தேனும் மிளகும் சேர்த்து ஒயின் காய்ச்சியவர்கள். அவர்களுக்கு மிளகு ஏறிய துறை முசிறி. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. ஒயின் இங்கிருந்து அங்கே, மிளகு அங்கிருந்து இங்கே. இரண்டும் என் பாத்திரத்தில் சேர்ந்தபோது தொண்டைக்குள் மெல்லிய சூடு பரவியது. மிளகு பட்டியலில் இடம் பிடித்துவிட்டது.

இனி பெரிய பானை. பழங்களைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துப் பதப்படுத்த இங்கே பல வீடுகளில் ஒரு மின்சாரப் பானை வைத்திருப்பார்கள். 27 லிட்டர் பிடிக்கும், அடியில் குழாய், பக்கத்தில் வெப்பம் வைக்கும் திருகு. குளிர்காலத்தில் அதுவே க்ளூவைன் பானை. மூன்றாம் மாடி அம்மா தன்னுடையதைக் கொடுத்தார். ஒரு வருடம் நிலவறையில் கிடந்தது. உள்ளே அடிப்பகுதி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு, குழாய் இறுகித் திரும்பவே இல்லை.

படிவுக்கு சிட்ரிக் அமிலப் பொடி. மூன்று லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மேசைக்கரண்டி. வெந்நீரில் செய்தால் சீக்கிரம் போகும் என்று தோன்றும், ஆனால் செய்யக் கூடாது. சூட்டில் சிட்ரிக் அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து, எளிதில் கரையாத இன்னொரு வெள்ளைப் படிவாக மாறிவிடும். பச்சைத் தண்ணீரிலேயே கலந்து ஊற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் துணியால் துடைத்ததும் எஃகு பளபளத்தது. குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தையும் அதே கரைசலில் போட்டேன். வளையத்தில் பழைய ஒயின் பிசுக்காகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதுதான் இறுக்கத்துக்குக் காரணம். சுத்தம் செய்து திரும்ப மாட்டியதும் ஒரு விரலால் திருப்ப முடிந்தது.

அடுத்தது திருகு. 70ல் வைத்து வெறும் தண்ணீரோடு சோதித்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானி 81 காட்டியது. மூன்று முறை பார்த்தும் அதே வித்தியாசம். திருகை 60க்குக் கொஞ்சம் மேலே வைத்தால் தண்ணீர் 72ல் நிற்கிறது. அந்த இடத்தில் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டிவிட்டேன். இந்தச் சோதனை செய்யாமல் நேராக ஒயினை ஊற்றியிருந்தால், டிசம்பர் முதல் சனிக்கிழமை நடந்தது 9 லிட்டரில் நடந்திருக்கும்.

12 பாட்டிலுக்கு மசாலாவை 12 மடங்காகப் பெருக்கவில்லை. பானையில் ஒயின் பல மணி நேரம் சூட்டில் இருக்கும், ஊறுகிற நேரம் கூடும். கறுவா 9 சுருள், கிராம்பு 28, அன்னாசிப்பூ 6, ஏலக்காய் 16, மிளகு 40 என்று குறைத்தேன். எல்லாவற்றையும் பழைய மல் வேட்டித் துணியில் தளர்வாக முடிச்சுக் கட்டி, நூலைப் பானையின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். கிராம்பு குழாயில் போய் அடைக்காது, வேண்டியபோது முடிச்சைத் தூக்கி எடுத்துவிடலாம். பாகைத் தனியாக அடுப்பில் காய்ச்சித்தான் ஊற்றினேன். பானையின் அடியில்தான் சூடு இருக்கிறது. கற்கண்டை நேரடியாகப் போட்டால் அடியில் தங்கிக் கருகும்.

பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் இன்னொரு பாத்திரம். சிவப்புத் திராட்சைச் சாறும் ஆப்பிள் சாறும் பாதிப் பாதி, செம்பருத்தித் தேநீர் கொஞ்சம், அதே மசாலா. இதில் சர்க்கரை வேண்டாம், எலுமிச்சை வேண்டும். ஐந்தாம் வீட்டுச் சிறுமி மூன்று கோப்பை குடித்தாள்.

ஞாயிறு மாலை மைனஸ் 2 டிகிரி. முற்றத்தில் பானையை நான்கு மணிக்கு இயக்கினேன். ஐந்தரைக்கு 72. வெளிக்குளிரில் மூடியைத் திறக்கும்போதெல்லாம் நான்கைந்து டிகிரி இறங்கியது, அதனால் குழாய் வழியாக மட்டுமே பிடித்தோம். ஆறு மணிக்கு முடிச்சை வெளியே எடுத்தேன். மூன்றாம் மாடி அம்மா கட்டுப் போடாத கையால் கோப்பையை வாங்கி, முதலில் முகர்ந்தார், பிறகு குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைத் திரும்ப நீட்டினார்.

எட்டரைக்குப் பானையில் ஒன்றரை லிட்டர் மிஞ்சியது. ஆறவைத்து பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். ஒரு பாட்டில் அவருக்குப் போனது. இன்னொன்றில் மறுநாள் தோல் சீவிய பேரிக்காய்களைப் போட்டு மெல்லிய சூட்டில் வேகவைத்தேன், நடுவரை சிவந்துவிட்டன. பானையைக் கழுவும்போது மறக்காமல் குழாயைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் தனியாகக் காயவைத்து, ஒரு காகிதத்தில் சுற்றிப் பானைக்குள் போட்டேன். சிவப்பு ஒட்டுநாடாவை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.